கதவுக்கு வெளியே லோசிவாலே

லோசிவாலேக்குத் தனியாக இருந்து பழக்கமில்லை. கூடப் பிறந்தவர்கள் பதினோரு பேர். வாழ வந்த வீட்டில் பதினான்கு பேர். ஐம்பத்திரண்டு வயதுக்குள் ஓர் இரவுகூடத் தனியாகப் படுத்ததில்லை என்று அவளே பெருமையாகச் சொல்வாள். எனக்குச் சித்தப்பா மகள். அவள் வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. எங்கள் தீவில் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தூண்கள்தான். ஆகவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

பெண்கள் சங்கத்தில் வீடு வீடாகப் போய்ச் சுத்தம் பார்க்கும் பொறுப்பு லோசியுடையது. அடுத்தவர் வீட்டுத் தலையணை உறையைத் திருப்பிப் பார்ப்பாள். பானையின் அடியைத் தடவி, விரலை உயர்த்திக் காட்டுவாள். போன வருஷம் அமெரிக்காவிலிருந்து தொண்டர் பயிற்சிக்கு வந்து அவள் வீட்டில் தங்கிய கிரெக், பதினேழாம் நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டான். சங்கத்துப் பெண்களுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை இல்லை.

"ஊரான் வீட்டுப் பானையை மோந்து பாக்குறாளே, அவ பானையில என்ன இருந்துச்சாம்?" என்று கேட்டார்கள். இந்த வருஷம் வந்த டானாவும் பாதியில் ஓடினால், சுத்தம் பார்க்கும் பொறுப்பு வேறு ஆளுக்குப் போகும் என்பதும் முடிவாகியிருந்தது.

ஆகவே லோசி அந்தப் பெண்ணைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டாள் என்றால், நிஜமாகவே பார்த்துக்கொண்டே இருந்தாள். டானா சாப்பிடும்போது குடும்பமே சுற்றி உட்கார்ந்து விசிறும். குளிக்கப் போனால் நாத்தனார் சோப்போடு நிற்பாள். கடை வரைக்கும் நடந்தால் கூட மூன்று பேர். பயிற்சி அலுவலகம் வற்புறுத்தியதால் கதவு வைத்த அறை ஒன்று கட்டியிருந்தார்கள். டானா அதற்குள் போய்க் கதவைச் சாத்தினால், லோசி திறந்து, "உடம்புக்கு என்ன கண்ணு?" என்பாள். ஒன்றுமில்லை என்று டானா சொன்னால் இன்னும் கவலையாகி, துணைக்கு இரண்டு பேரை உள்ளே அனுப்புவாள்.

மூன்றாவது வாரம் டானா பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தேடி வந்தாள். ஊரில் ஆங்கில வாத்தியார் நான் ஒருவன்தான். தினமும் ஒரு மணி நேரமாவது தன்னைத் தனியே விடவேண்டும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்விடுவேன் என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. இதையெல்லாம் ஏன் என்னிடம் கொண்டு வருகிறார்கள்?

லோசியிடம் போய்ச் சொன்னேன். சேம்பிலையில் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"தனியாவா? அவ என்னண்ணே தப்புப் பண்ணா? ஊரை விட்டுத் தள்ளி வச்சவங்கதானே தனியா இருப்பாங்க."

"அவங்க ஊர்ப் பழக்கம் அப்படி."

"ஊர்ல கேப்பாங்களே. புள்ளைய ரூம்ல போட்டு அடைச்சிட்டான்னு சொல்லுவாங்களே."

பாதியில் விட்ட இலையைக் கட்டி முடித்தாள். "ஜெபம் பண்றான்னு சொல்லிடுறேன்" என்றாள்.

எங்கள் ஊரில் ஓர் ஆள் தனியாக இருப்பதற்கு அது ஒன்றுதான் நியாயமான காரணம். நான் சபையில் மூப்பன், தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து நான்கு மணிக்குக் கதவு சாத்தப்படும். லோசி வெளியே பாயைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். யாராவது வந்தால் உதட்டில் விரலை வைப்பாள். கொசு பிடுங்கும், அடித்தால் சத்தம் கேட்குமே என்று தேய்த்துக்கொள்வாள். வாயை மூடிக்கொண்டு அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததை அவள் புருஷனே அதற்கு முன் பார்த்ததில்லை.

டானா ஊருக்குப் போகவில்லை. ஆனால் அவள் பக்தி ஊரெல்லாம் பரவியது. மகனின் முழங்காலுக்காக, சினைப் பன்றிக்காக என்று பெண்கள் விண்ணப்பத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். கதவுக்குள் இருந்தவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

எட்டாவது வாரம் ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் வீட்டில் விருந்து. எல்லோரும் சம்மணமிட்டு உட்கார்ந்தபின் போதகர் சொன்னார்: "இன்னைக்கு நான் ஜெபிக்கப் போறதில்ல. நம்மளையெல்லாம் வெக்கப்பட வச்ச ஒரு மகள் இங்க இருக்கா. டானா, நீ சொல்லும்மா."

லோசியின் முகம் வெளுத்தது. எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். டானா கண்ணை மூடிக்கொண்டு, எட்டு வாரத்தில் கற்ற எங்கள் பேச்சில் தொடங்கினாள்.

"அப்பா, நன்றி. சாப்பாட்டுக்கு நன்றி. லோசி அம்மாவுக்கு நன்றி. நான் ரூம்ல ஜெபம் பண்ணல. தூங்குறேன். சில நாள் அழுறேன். அம்மா எனக்காகப் பொய் சொன்னாங்க. வெளிய கொசு அம்மாவக் கடிக்குது. அம்மாவ மன்னிச்சிரு. ஆமென்."

ஜெபத்துக்கு ஆமென் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எல்லோரும் சொன்னார்கள். லோசி மட்டும் சொல்லவில்லை.

"அழுதியா?" என்று கேட்டாள், அத்தனை பேர் நடுவில். "நான் இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன், அந்தப் பக்கம் நீ அழுதியா?"

டானா ஆமென்று தலையை ஆட்டினாள். போதகர் பொய்யைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். லோசி அவர் பக்கம் திரும்பவே இல்லை. அன்று அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. சுத்தம் பார்க்கும் பொறுப்பை அடுத்த வாரமே வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். லோசி ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

விருந்து நடந்த அன்று சாயங்காலமும் நான்கு மணிக்கு டானா கதவருகே தயங்கி நின்றாள். லோசி வழக்கம்போலப் பாயை விரித்தாள்.

"போ கண்ணு. தனியாவே இரு. அழணும்னா அழு. ஆனா எனக்குக் கேக்குற மாதிரி அழு" என்றாள்.

பத்தாவது வாரம் டானா பயிற்சி முடிந்து, தலைநகர் ஆப்பியாவில் தொண்டராக உறுதிமொழி எடுத்துக்கொண்டு வேறு ஊர்ப் பள்ளிக்கு வேலைக்குப் போனாள். அதுவரை அந்த அறையிலிருந்து அழுகை எதுவும் கேட்கவில்லை. நான் எதிர்வீட்டில்தான் இருந்தேன்.