நட்சத்திரக் கருமி

அட்டவணையின் மேல் அடிக்கோலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்துகிறார். உதடு அசைகிறது, குரல் வருவதில்லை. ஆராய்ச்சி மருத்துவமனையின் புள்ளியியலாளர் அவர். இரு குழு நோயாளிகளுக்கிடையே தெரியும் வித்தியாசம் வெறும் தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றால்தான் அந்த எண்ணின் தோளில் ஒரு சின்ன நட்சத்திரம் வைப்பார். அது விழுந்தால் ஆய்வாளர்கள் முகத்தில் விளக்கெரியும்.

"ஒரே ஒரு ஸ்டார் போட்டுக் குடுங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நானா போடறேன்? உங்க டேட்டா கேட்டா தானா வரும்."

முதுகுக்குப் பின்னால் அவருக்கு நட்சத்திரக் கருமி என்று பெயர். அவரோடு அதே அறையில் வேலை பார்க்கும் நான், எதிர்த் தெருக் கடையில் டீ நன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டு தடவைதான் குடிச்சிருக்கேன். அதுக்குள்ள எப்படிச் சொல்றது?" சிரிக்காமல்தான் சொன்னார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பம் வெளியூரில். மதியம் கூட உட்கார்ந்து சாப்பிட ஒரே ஒரு தோழி இருந்தார், தோல் மருத்துவர். ஆறாத புண்ணுக்கு ஒரு களிம்பு கண்டுபிடித்து, வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டியவர். அந்தக் களிம்பை நோயாளிகளிடம் சோதித்த கணக்கும் ஒருநாள் இவர் மேசைக்கு வந்தது.

"சீக்கிரமா ஆறியிருக்கே, கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. களிம்பாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியல."

"புண் ஆறாத அந்த மூணு பேரை விட்டுட்டுப் பாரு. அவங்க ஒழுங்காவே தடவல."

"முடிவைப் பார்த்த பிறகு ஆளைக் கழிக்கக் கூடாது."

"கேக்கறது நான்டி."

"அதனாலதான் எங்கயாவது தப்புப் பண்ணியிருக்கேனான்னு திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்."

'குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்றே அறிக்கை போனது. அடுத்த கட்டத்துக்கு நிதி வரவில்லை. தோழி சண்டை போடவில்லை. சாப்பிட வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

"கோவம் போயிடுமா?" என்று கேட்டேன்.

"தெரியலையே" என்றார். இதற்கு மட்டும் காரணம் எதுவும் சொல்லவில்லை.

போன வாரம் உணவகத்தில் நெரிசல். சுவரோர மேசையில் இவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டோடு நின்ற தோல் மருத்துவர் இடம் தேடிச் சுற்றிப் பார்த்தார். இவர் தலை நிமிரவில்லை; எதிர் நாற்காலியில் இருந்த கைப்பையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மருத்துவர் வேறு மேசைக்குப் போனார். சாப்பிட்டு முடிக்கும்வரை பை மடியிலேயே இருந்தது.