கன்னிமார் தேங்காயும் காயில்காரரும்

கோயில்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மோட்டாரைத் தொடமாட்டார். மற்ற நாட்களில் பசுமலையில் தன் கொட்டகையில் உட்கார்ந்து, கருகிப்போன பம்புசெட்டு மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுவார். கட்டியதைத் தானே கொண்டுவந்து கிணற்றில் மாட்டியும் கொடுப்பார். பேரை வைத்து நம்ம கோயில் ஆள் என்று நினைத்தவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அவர் வேதக்காரர், கிறிஸ்தவர் என்று தெரிந்துகொண்டார்கள்.

தன் மோட்டாரை அவரிடம் கட்டக் கொடுத்திருந்த அலங்காநல்லூர்ப் பக்கத்துக் காசிமாயனுக்குச் சந்தேகப்பட அது போதுமாக இருந்தது. போன மாதம்தான் ஜீப்பில் வந்த சிலர் பள்ளிக்கூடச் சுவரில் ஏசுநாதர் சினிமா ஓட்டிவிட்டுப் போயிருந்தார்கள். 'இவன் மோட்டாரை மாட்ட வாரானா, நம்மளை மாத்த வாரானா?'

அதைவிடப் பெரிய பயமும் இருந்தது. நெல் கதிர் விடப் பொதி கட்டி நின்றது. இப்போது தண்ணீர் தவறினால் பதர்தான் மிஞ்சும். மோட்டாரை மூடிவிட்டால் உள்ளே கிடப்பது புதுக் கம்பியா, பழைய கம்பியா என்று யாருக்குத் தெரியும்? மச்சான் முறைக்காரன் மொக்கையன் வேறு எவனிடமோ கட்டிய மோட்டார் நன்றாகத்தான் தண்ணீர் தூக்கியது. சில நாளில் புகைந்தது. பிரித்தால் அத்தனையும் ஒட்டுப்போட்ட பழைய கம்பி.

டீக்கடையில் மொக்கையன்தான் யோசனை சொன்னான்.

"மாப்ள, சாமிக்கு உடைச்ச தேங்காயை அவன் திங்கமாட்டான்ல? அவன் முன்னாடியே உடைச்சு, அதையே துவையலா அரைச்சு வையி. என்ன காயின்னு கேக்காமக் கமுக்கமாத் திண்டான்னா வேசக்காரன். சாமிகிட்டயே வேசம் போடுறவன் உன் மோட்டாருக்கா புதுக் கம்பி போட்டிருப்பான்?"

காசிமாயனுக்கு அது நியாயமாகப் பட்டது.

மாட்ட வந்த அன்று கோயில்பிள்ளை, கிணற்றடியில் நின்ற கன்னிமார் கல்லைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே செருப்பைத் தள்ளிக் கழற்றினார். 'பாரு நடிப்பை' என்று நினைத்துக்கொண்டான் காசிமாயன். வேலை முடிந்ததும் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, ஒரு மூடியை நீட்டினான்.

"மன்னிச்சுக்கிருங்கண்ணே. படைச்சதை நாங்க சாப்பிடுறதில்ல. குறையா நினைக்காதீங்க."

சொல்லிவிட்டுச் சுவிட்சுக்கு முன்னால் நின்று கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

"என்னய்யா வேண்டுற? நாங்க அம்புட்டுப் பேரும் உங்க கோயிலுக்கு வரணும்னா?"

"இல்லண்ணே. கரண்டு ஏறி இறங்காம இருக்கணும்னு."

சிரிப்பு வந்தது. காசிமாயன் அதை அடக்கிக்கொண்டான். மோட்டார் உறுமியது. தொட்டியில் தண்ணீர் விழுந்தது. மொக்கையன் மோட்டாரிலும் இப்படித்தான் விழுந்தது.

வேப்பமர நிழலில் சுந்தரம்மாள் இலை போட்டுச் சோறு வைத்தாள். புருசன் அரைக்கச் சொன்ன சாமி தேங்காயை அரைத்திருந்தாள். எதற்கென்று அவன் சொல்லவில்லை. காசிமாயனே ஓரமாகத் துவையலை வைத்துவிட்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

கோயில்பிள்ளையின் கை துவையலுக்கு மேலே நின்றது.

"அண்ணே, இது இப்ப உடைச்ச காயா?"

கேட்டுவிட்டார். கேட்டாலே ஆள் தேறிவிட்டான் என்றுதானே கணக்கு? காசிமாயன் அதோடு விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை. 'எவனோ சொல்லிக் கொடுத்துட்டான். கேட்டு நல்லவனாகப் பாக்குறான்.'

"சேச்சே. அது கடையில வாங்குன காய்."

"நீங்க சொன்னாச் சரிதாண்ணே."

அவ்வளவுதான். வேறு கேள்வி இல்லை, முகத்தைக் கூர்ந்து பார்க்கவில்லை. விரல் துவையலைத் தொடப் போனது. மோட்டாரை மூடியதிலிருந்து இந்த ஆளின் ஒரு வார்த்தையையும் அவன் நம்பவில்லை. இந்த ஆளோ, காசிமாயன் ஒரு வார்த்தை சொன்னதும் சாப்பிடப் போகிறான். வாயைத் திறக்க வேண்டும். அதற்குப் பதில் மோர்ச் செம்பை இலைப் பக்கம் நகர்த்தினான்.

சட்டென்று சுந்தரம்மாள் குனிந்து துவையலை அப்படியே வழித்து எடுத்தாள்.

"அதைத் தொடாதீக தம்பி. அம்மிக் கல்லு விழுந்திருக்கு. பல்லு போயிரும். இந்தாங்க, வெங்காயத்தைக் கடிச்சுக்கிருங்க."

கோயில்பிள்ளை அவளைப் பார்த்தார். பிறகு காசிமாயனைப் பார்த்தார். "சரிங்க மதினி" என்று மோரை ஊற்றிப் பிசைந்து நிறைவாகச் சாப்பிட்டார்.

அவர் சைக்கிள் வரப்பைத் தாண்டியதும் சுந்தரம்மாள் திரும்பினாள்.

"இலையில உக்காந்தவனுக்குப் பொய்யைப் பரிமாறுவியா? கன்னிமாருக்கு முன்னாடி! அவன் கம்பி பழசோ புதுசோ எனக்குத் தெரியாது. உன் வாயி பழசு."

காசிமாயன் பொழுது சாயும்வரை தொட்டிப் பக்கமே உட்கார்ந்து மோட்டார்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். சந்தேகம் போகவில்லைதான். ஆனால் அது யார் மேல் என்று முன்போல் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் மொக்கையன் விழுந்தடித்து வந்தான். "என்ன மாப்ள, திண்டானா?"

காசிமாயன் கிளாசைக் கீழே வைத்தான்.

"துவையல்ல கல்லு கிடந்துச்சு மச்சான்."

"இருக்கட்டும். அவன் என்ன சொன்னான்?"

"கேட்டான்யா. கேட்டான். உன் அடுத்த மோட்டாரை அவன்கிட்டயே குடு. ஞாயித்துக்கிழமை மட்டும் கூப்பிடாத."