‘வீக்’ என்று வரவேண்டிய பெயர்

காரியம் முடிந்த மறுவாரம், செந்திலின் மனைவி பவானி தல்லாகுளத்தில் இருக்கும் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். கையில் அவனுடைய சொந்த லேப்டாப். செந்தில் என்கூட வேலை பார்த்தவன். கப்பலூர் பக்கம் பைக்கில் போனபோது லாரி மோதி இறந்துவிட்டான்.

“அண்ணே, போனு நொறுங்கிப் போச்சு. பாப்பாகிட்ட அவரு பேசுன வீடியோ அம்புட்டும் இதுலதான் இருக்கு. நாளைக்கு அவ வளந்து அப்பா குரலைக் கேட்டா நான் எதைக் காட்டுவேன்? தொறந்து குடுங்கண்ணே.”

நானும் செந்திலும் சேர்ந்து எழுதியது ஒரு பாஸ்வேர்ட் லைப்ரரி. மற்ற புரோகிராமர்கள் தங்கள் சாப்ட்வேரில் சேர்த்துக்கொள்ளும் புரோகிராம் துண்டு. நாம் வைக்கும் பாஸ்வேர்ட் வீக்கா, ஸ்ட்ராங்கா என்று சொல்லும். கேட்டால் தானே ஒன்றை உருவாக்கியும் தரும். வெளியிலிருந்து வந்த லைப்ரரிகள் ‘மீனாட்சி123’ என்று அடித்தால் ‘ஸ்ட்ராங்’ என்று பச்சை காட்டின. “இதை வச்சே மதுரையில பாதிப் பூட்டைத் தொறந்துரலாம்ணே” என்று செந்தில் சிரிப்பான். அதனால் நம்மூர்ப் பெயர்களை எல்லாம் வீக் கணக்கில் சேர்த்தோம்.

“எம் பேரு, பாப்பா பேரு, கல்யாண நாளு, எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். எங்க நெனப்பே இல்லாம எதையோ வச்சிருக்காரு” என்றாள் பவானி. அவள் அழுததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

லைப்ரரி உருவாக்கிய பாஸ்வேர்டைத்தான் வைத்திருப்பான். நீளமாக, அர்த்தமே இல்லாமல் இருக்கும். டிஸ்க் மொத்தமும் அதில்தான் பூட்டியிருந்தது, கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் படிக்க முடியாது. எவனாலும் உடைக்க முடியக்கூடாது என்று மெனக்கெட்டவர்கள் நாங்கள். இப்போது என்னாலும் முடியவில்லை.

“இது தொறக்காதும்மா” என்றேன். “ஒன்னு சொல்றேன் கேளு. புரோகிராமை மாத்துறப்பெல்லாம் டெஸ்டுக்கு அவன் மொதல்ல அடிக்கிறது ஒம் பேருதான். ‘என்னையத் தெரிஞ்ச எவனும் இதைத்தாண்ணே மொதல்ல அடிப்பான், இது வீக்குன்னு வரணும்’னு சொல்லுவான். அதான் ஒம் பேரை வைக்கல.”

பவானி லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “இருக்கட்டும்ணே, வாரேன்” என்று அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: பாஸ்வேர்டை ஸ்ட்ராங்காக வையுங்கள். நீங்கள் இல்லாவிட்டால் வீட்டில் ஒருவர் திறக்கவும் வழி வையுங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

இப்போதும் புரோகிராமை மாற்றினால் முதலில் ‘பவானி’ என்றுதான் அடிக்கிறேன். ‘வீக்’ என்று சிவப்பில் வருகிறது. செந்தில் எழுதியது சரியாக வேலை செய்கிறது.