மிராசுதார் வாசலில் நின்ற கார்

"இந்த ஸ்பெஷல் பிளக்கப் போடுங்க, வண்டி சீறிக்கிட்டுப் போவும்" என்றார் கும்பகோணத்து உதிரிபாகக் கடைக்காரர். இன்ஜினில் நன்றாக ஓடிய ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டுப் புதியவற்றை மாட்டினேன். என் டாக்சிக்கு வேகம் வேண்டியிருந்தது ஒரே ஒரு தெருவைக் கடக்கத்தான். அப்பா பண்ணையாளாக இருந்த மிராசுதாரின் தெரு அது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அப்பா கொடி பிடித்ததிலிருந்து எங்களைக் கண்டாலே அங்கே முறைப்பார்கள்.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் கிளம்பினோம். வைக்கோல் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்த கார், சரியாக மிராசுதார் வாசலில் விக்கி நின்றது. கழற்றிப் பார்த்தால் புது பிளக்கெல்லாம் கரி.

"இங்க நிக்கக் கூடாது, தள்ளிக்கிட்டுப் போங்க" என்றார் அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை. அப்பா இறங்கக் கதவில் கை வைத்தார்.

"நீங்க உக்காருங்கப்பா. பிளக்க மாத்தாம வண்டி நகராது" என்றேன், கணக்குப்பிள்ளைக்கும் கேட்கும்படி. பழைய பிளக்குகளை நிதானமாகத் துடைத்து ஒவ்வொன்றாக மாட்டினேன். அப்பா பட்டு வேட்டியோடு பின் சீட்டில் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது.

கடைக்காரர் தந்தது பந்தயக் காருக்கான பிளக்காம்; மெதுவாகப் போகும் வண்டியில் கரி பிடிக்குமாம். இப்போது கம்பெனி சொன்ன பிளக்கைத் தவிர எதையும் மாட்டுவதில்லை. அந்தத் தெரு வந்தால் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.