தூத்துக்குடி சார் வூட்டம்மா

போன வருஷம் ஆனி மாதம், கள்ளக்குறிச்சியில் நடந்தது இது. மஸ்கட்டிலிருந்து மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பி ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊர் கள்ளக்குறிச்சி. என் கணவர் தூத்துக்குடிப் பக்கம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் அதுதான்.

கல்யாணமான கையோடு விமானம் ஏறியவள் நான். போனபோது ஊர் தாலுகா, வந்தபோது மாவட்டம். பிள்ளைகள் படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசை போனபிறகு, என் அப்பா விட்டுப்போன வீட்டில் வந்து இருக்கலாம் என்று நான்தான் சொன்னேன். மஸ்கட் பால்கனியில் நின்றால் எதிரே மொட்டை மலைகள், பழுப்பாக, ஒரு புல்கூட இல்லாமல். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் கல்வராயன் மலையின் நீலக்கோடு கண்ணுக்குள் வந்து நிற்கும். அவர்தான் தயங்கினார். “அங்க எனக்கு யாரத் தெரியும்?” என்றார்.

மூன்றே மாதம். ஊரையே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

விடிந்ததும் நடக்கப் போவார். திரும்பி வரும்போது கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதாவது ஒன்று இருக்கும், வாயில் ஒரு கதை இருக்கும். எந்த பேக்கரியில் எப்போது பொறை சூடாக வரும், எந்த மரச்சிற்பக் கடையில் இன்றைக்கு யானைக்குத் தந்தம் வைத்தார்கள், கோமுகி அணையில் தண்ணீர் விட்டார்களா, எந்த ஷேர் ஆட்டோக்காரரின் மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்தது. எல்லாம் அவருக்குத் தெரியும். “நம்ம ஊர்ல...” என்றுதான் ஆரம்பிப்பார். அந்த ‘நம்ம’ எனக்குத் தொண்டையில் மீன்முள். ஒருநாள் பொறுக்காமல், “எங்க ஊரு” என்றேன்.

“சரி, உங்க ஊரு. அதுல எந்தத் தெரு எங்க போவுதுன்னு சொல்லு பாப்போம்” என்று சிரித்தார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் ஊர் என்பது வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு, வெள்ளிக்கிழமை கோயில். முளைக்குச்சியில் கட்டின கன்று எட்டி மேய்ந்த அளவுக்குத்தான் எனக்குப் புல் தெரியும். கடைத்தெருவுக்கு அண்ணன் போவான். ஓட்டலிலிருந்து பொட்டலம் வீட்டுக்கு வரும், நான் ஓட்டலுக்குப் போனதில்லை. மலையும் அப்படித்தான். “வயசுப் பொண்ணுக்கு மலையில இன்னா வேல?” என்பாள் அம்மா. துணி காயப்போடும்போது பார்ப்பதோடு சரி. மழைக்கு முந்தின நாள் மலை பக்கத்தில் வந்து நிற்கும், மரம் மரமாக எண்ணலாம் போலிருக்கும். மறுநாள் பார்த்தால் மலையே இருக்காது.

புருஷன் இன்னொருத்தியோடு சுற்றினால் பெண்ணுக்குப் பொறாமை வரும், அது உலகத்துக்கே தெரியும். எனக்கு வந்தது வேறு ஜாதிப் பொறாமை. அவரோடு சுற்றும் ஊர்மேலா, ஊரோடு சுற்றும் அவர்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேருமே எனக்குச் சொந்தம். இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. மஸ்கட்டில் மற்ற தமிழர்கள் கேலி செய்வார்களே என்று ‘இன்னா’வையும் ‘கினு’வையும் நாக்கிலிருந்து தேய்த்துக் கழுவியிருந்தேன். நான் அவிழ்த்துப் போட்டதை எடுத்து அவர் மாட்டிக்கொண்டார், அதுவும் தலைகீழாக. “நேத்து ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போய்க்கினேன்” என்பார்.

“போனேன்னு சொல்லணும். அப்படி இங்க யாரும் பேச மாட்டாங்க.”

“டீக்கடையில யாரும் திருத்தலையே!”

ஒரு நாள் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரம்மா என் முகத்தையே உற்றுப் பார்த்தார். “நீங்க தூத்துக்குடி சார் வூட்டம்மாதான? சார் உங்களப் பத்திச் சொல்லிக்கினே இருப்பாரு” என்றார். பிறகு தராசை நிறுத்தி, வெகு கரிசனமாக, “இன்னாங்க, எங்க ஊரு உங்களுக்குப் புடிச்சிருக்குதா?” என்று கேட்டார்.

என் தாத்தா இந்த ஊர். அப்பா இந்த ஊர். எனக்குக் காது குத்தியது இந்த ஊர். “புடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது? அன்றைக்குச் செய்த கத்தரிக்காய்க் குழம்பில் உப்பே போடவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் டீக்கடை நண்பர்களோடு வேன் பிடித்து மலைக்கே போய்வந்துவிட்டார். போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினார். அருவி, சாமைக்காடு, பனி இறங்கிய வளைவு. கடைசியில் மனசார ஒரு வார்த்தை சொன்னார்: “ஞாயித்துக்கெழம உன்னையும் கூட்டிட்டுப் போறேன். நல்லா சுத்திக் காட்டுறேன்.”

என் மலையை எனக்குச் சுற்றிக் காட்டப்போகிறாராம்.

மறுநாள் காலையில் அவர் நடக்கப் போனதும் புடவையை மாற்றிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் தனியாக ஏறி உட்கார்ந்தேன், என் ஊரில் முதல் தடவையாக. இந்த வயதில்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியது வண்டி. மூங்கில் புதர் ஜன்னலை உரசியது. காதில் குளிர் ஏறியது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும், இதையும் அவர் முன்னாலேயே பார்த்துவிட்டார் என்ற நினைப்பு வந்து குறுக்கே நின்றது. யாரோ சாப்பிட்டு மிச்சம் வைத்த தட்டு மாதிரி இருந்தது எனக்கு மலை.

வெள்ளிமலையில் இறங்கி ஒரு டீ குடித்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. அருவிக்குப் போக வண்டி வேண்டுமாம். வீம்புக்கு வந்தவளுக்கு வழி தெரிய வேண்டுமே. திரும்பும் பஸ்ஸுக்காக நிழற்குடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் வயதில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார், மடியில் துண்டு போட்டுக் கட்டிய ஒரு பெரிய மூட்டை.

“எந்த ஊருங்கக்கா?”

“கள்ளக்குறிச்சி” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“நானும் அங்கதான் போறேன். மிக்ஸி வீணாப் போச்சு. எங்க வூட்டுக்காரரு நாளைக்கி நாளைக்கின்னு சொல்லிக்கினே இருந்தாரு. இன்னிக்கி அவரு வெதைக்கப் போய்ட்டாரு, நான் தூக்கிக்கினு கெளம்பிட்டேன். தனியா எறங்கறது இதான் மொத தபா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு அந்த பிரியாணிக் கட தெரியுமாக்கா?”

“எந்தக் கடை?”

“யாருக்குத் தெரியும்? கீழ போற தபாவெல்லாம் அவரு மட்டும் துன்னுட்டு வருவாரு. வந்து ராத்திரி பூரா அதே பேச்சு. சீரக சம்பாவாம், எலும்பு தனியா வந்துடுதாம். கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரியுதுக்கா. ஒரு தபா ஒக்காந்து துன்னு பாத்துடணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் புருஷன் கீழே இறங்கி ஊரைத் தின்றுவிட்டு வருகிறார். என் புருஷன் மேலே ஏறி மலையைத் தின்றுவிட்டு வருகிறார். இரண்டு வீட்டிலும் ஒரே நெருப்பு. “தெரியும், கூட்டிக்கிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டேன். சுத்தப் பொய். அந்த ஓட்டல் இருக்கும் தெருகூட எனக்குத் தெரியாது.

இறங்கும்போது நாங்கள் பேசிக்கொண்டே வந்தோம். எந்த வளைவையும் நான் எண்ணவில்லை. நடுவில் ஒருமுறை அவர் என் கையைத் தட்டி, பள்ளத்தில் ஒரு ஓட்டு வீட்டைக் காட்டினார். “எங்க அம்மா வூடு. பஸ்ல போம்போது பாத்துக்கறதோட சரி.” அந்த வீட்டை மட்டும் என் கணவர் பார்த்திருக்க முடியாது. பார்த்திருந்தாலும் அவருக்கு அது வெறும் ஓடு.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்தோம். இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் கடைக்காரர். பிறகு தேடல். கணவருக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது. போடவில்லை. போட்டால் அவர் குரலில் வரும் சந்தோஷத்தை என்னால் தாங்க முடியாது. சீரக சம்பா பிரியாணி எங்கே கிடைக்கும் என்று பாத்திரக் கடையில் கேட்டோம், செருப்புக் கடையில் கேட்டோம், ஒரே சந்துக்குள் இரண்டு தரம் போய் வந்தோம்.

“இன்னாக்கா, தெரியும்னீங்க?”

“இங்கதான் எங்கயோ.”

“உங்களுக்கும் தெரியாதுதான?” என்றார் அவர். நான் தலையாட்டியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். “நல்லாருக்குது போங்க. குருடியும் குருடியும் கெளம்பின கத.”

கடைசியில் மூக்குதான் வழி காட்டியது. உள்ளே நுழைந்ததும் பரிமாறுகிற பையன் பின்பக்கம் கை காட்டினான். “லேடீஸெல்லாம் உள்ள ஃபேமிலி ரூம்ல ஒக்காருங்க.” திரை போட்ட ஒரு இருட்டு அறை. கூட வந்தவர் தலை குனிந்துகொண்டு அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் தெருவைப் பார்த்த முன்மேசையைப் பார்த்தேன். காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்துதான் ஆண்கள் ஊரைப் பார்க்கிறார்கள். எனக்குள் என்னவோ திமிறியது.

“இன்னாத்துக்கு? இங்க ஒக்காந்தா பிரியாணி எறங்காதா?”

நான்தான் பேசினேன். இருபது வருஷத்துக்கு மேல் தேய்த்துக் கழுவின நாக்கு.

கல்லாவிலிருந்த பாய் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “டேய், அக்கா உள்ளூருடா. அங்கயே எலையப் போடு.”

சாப்பிட்டோம். தெருவில் போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். அவர் ஒரு வாய் எடுத்து, நிதானமாக மென்று, இன்னொரு வாய் எடுத்து, என் பக்கம் சாய்ந்தார். “அவரு சொன்ன அளவுக்கு ஒண்ணும் இல்லக்கா. எங்க வூட்டுக் கோழிக்கொழம்பு இதவிடத் தேவல.” பிறகு, “ஆனா அவருகிட்ட சொல்ல மாட்டேன். இனிமே நானும் ராத்திரி பூரா பேசுவேன்” என்றார்.

மிக்ஸியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறும்போது, பலாப்பழம் கொண்டுவருகிறேன், வீடு எங்கே என்று கேட்டார். தெருவைச் சொன்னேன்.

“யாரு வூடுன்னு கேக்கறது?”

அப்பா பெயரைச் சொல்லலாம். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். இன்னொரு விலாசமும் இருக்கிறது, ஊருக்கே தெரிந்தது: தூத்துக்குடி சார் வீடு. அதைச் சொன்னால் ஒரே நிமிஷத்தில் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். இரண்டையும் சொல்லாமல் என் பெயரைச் சொன்னேன்.

அன்று மாலை எங்கே போனாய் என்று என் கணவர் கேட்டதற்கு, “ஊருக்குள்ளதான்” என்றேன். அவர் மீதிக் கதைக்காகக் காத்திருந்தார். நான் துணி மடிக்கப் போய்விட்டேன்.

ஆடியில் ஒரு மதியம், மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் கணீரென்று ஒரு குரல் என் பெயரைச் சொல்லி விசாரித்தது. எட்டிப் பார்த்தேன். தலையில் பலாப்பழத்தோடு அந்த மலைக்காரப் பெண்தான். முதல் வீட்டில், “அப்பிடி யாரும் இல்லியே” என்றார்கள். அடுத்த வீட்டில் கேட்டார். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்கு வெளியே வந்து, அது யாரு, அது யாரு என்று என் பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள். பெண்பிள்ளையின் பெயரைத் தெருவில் சத்தம்போட்டுக் கூப்பிடக் கூடாது என்று வளர்த்த வீட்டின் மாடியில் நின்றுகொண்டு நான் கேட்டேன். உடனே குரல் கொடுத்திருக்கலாம். பழத்தின் கனம் அவர் தலையில் என்று தெரிந்தும், இன்னும் இரண்டு வீடு பொறுத்துத்தான், “இங்கதான், மேல வா” என்று கத்தினேன்.

இன்றைக்கும் காலையில் அவர் ஒரு கதையோடு வாசல் ஏறும்போது எனக்கு வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆனால் பிறந்த ஊரின் தெருவில் என் பெயர் வீடு வீடாக நடந்து வந்த அந்தச் சத்தம் என்னுடையது, அதில் யாருக்கும், அவருக்கும்கூட, பங்கு கொடுக்க இன்றுவரை எனக்கு மனசு வரவில்லை.