அண்ணன் ஏறிய பட்டாளக் கப்பல்

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போகும் கப்பலைப் பற்றி எங்கள் ஊரில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாருமில்லை. டிக்கெட் வந்ததோ அண்ணனுக்கு.

பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்த மாமா, ஒத்தாசைக்கு ஒரு பையனை அனுப்பச் சொல்லியிருந்தார். பி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான், பெட்டிகூடத் துடைத்து வைத்துவிட்டேன்.

"பெரியவன் போகட்டும்டா," என்றார் அப்பா. "நில உச்சவரம்புக் கேசு நடக்குது. அறுப்புக்கூலிக்குச் சங்கத்துக்காரங்க வந்து நிக்கிறாங்க. தாசில்தார்கிட்ட யார் பேசுறது? நீ படிச்சவன்."

படித்ததற்கு இந்தத் தண்டனை. அண்ணன் எட்டாவதோடு நின்றவன். பட்டுக்கோட்டை பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பவன். எதில் ஏறப்போகிறான் என்றாவது அவனுக்குத் தெரிய வேண்டாமா? திருவாரூர் நூலகத்தில் படித்ததையெல்லாம் எரிச்சலோடு அவனிடம் கொட்டினேன். உலகப் போர் வந்ததும் இந்தக் கப்பலையும் இதைப் போன்ற பெரிய பயணக் கப்பல்களையும் வெள்ளைக்கார சர்க்கார் எடுத்துக்கொண்டது. சாம்பல் நிறம் பூசி, மேல்தட்டில் பீரங்கி வைத்து, பட்டாளத்தை ஏற்றியது. துரைமார்கள் நடனமாடிய கூடங்களில் சிப்பாய்கள் சோற்றுக்கு வரிசையில் நின்றார்கள்.

இரண்டு நாள் கழித்து டீக்கடைக்குப் போனால், பெஞ்சில் அண்ணன்.

"டான்ஸ் ஆடுற கூடம் இருக்கு பாருங்க, அங்கதான் சிப்பாய்ங்க தட்டை ஏந்திக்கிட்டு நிப்பாங்க."

அறுப்புக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவர்கள்கூடக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "கூலியப் பேசச் சொன்னா பெரிய தம்பி கப்பலப் பேசுது," என்று ஒருவர் சிரித்தார். கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "அண்ணன் எவ்வளவு வெவரமா இருக்காரு பாத்தீங்களா? கூட இருந்து கத்துக்கங்க தம்பி."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

புறப்படும் நாளில் கப்பல் கடலில் தள்ளி நின்றது. அதுவரை படகில்தான் போக வேண்டும். வழியனுப்ப வந்தவர்களுக்குக் கரையோடு சரி. படகில் ஏறுவதற்குமுன் அண்ணன் என் தோளைப் பிடித்தான்.

"டேய், ஒண்ணு கேக்க மறந்துட்டேன். அத்தனை பட்டாளமும் எங்கடா தூங்குச்சு? மாமா கேட்டா சொல்லணும்ல."

எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேசைகளுக்கு மேலே கொக்கி அடித்து, வரிசையாகத் தூளி கட்டித் தூங்கினார்கள். ஒருவன் புரண்டால் பக்கத்துத் தூளியும் ஆடும்.

"தெரியலண்ணே," என்றேன்.

"சரி விடு. நான் போய்ப் பாத்துட்டு உனக்குச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டுப் படகில் கால் வைத்தான்.