இரண்டு தரம் கட்டிய சோலைவரி

என் ஓய்வூதியம் வந்து விழும் வங்கிக் கணக்கிலிருந்து, காலாண்டுக்கு ஒருமுறை பிரதேச சபைக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கும் வளவுக்கும் சபை வாங்கும் சோலைவரியை, தை மாதமே நேரில் போய் முழுதாகக் கட்டி, முந்திக் கட்டுவோருக்குக் குறைக்கிற கழிவையும் வாங்கிக்கொண்டு வருகிற ஆள் நான். வரிசையில் நின்று கட்டினால்தான் எனக்குக் கட்டியது மாதிரி இருக்கும். அப்படியிருக்க இதென்ன புது வரி? வேலியே பயிரை மேய்கிறது என்று தீர்மானித்துவிட்டேன்.

அதைக் கனடாவிலிருக்கும் மகளிடம் சொன்னதுதான் நான் செய்த புத்திகெட்ட வேலை.

"அப்பா, ஆரோ உங்களை நல்லாச் சுத்திப்போட்டாங்கள். கார்ட் நம்பரை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

"இனி உந்தக் கணக்கை நான் பார்க்கிறன். கார்டை அம்மாவிட்டைக் குடுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருதனார்மடச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கவும் இனிக் கனடாவைக் கேட்க வேண்டுமா? இந்தக் கிழமைக்குள் காசு போன வழியைச் சொல்கிறேன், சொல்லாவிட்டால் கார்டைக் கொடுத்துவிடுகிறேன் என்று சவால் விட்டேன்.

மறுநாள் காலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு சபைக்குப் போனேன். கணினிக்கு முன்னால் ஓர் இளம்பெண் இருந்தாள்.

"என்ரை வீட்டுக்கு எத்தினை தரம் பிள்ளை வரி எடுப்பியள்?"

"ரண்டு தரம் விழுந்திருக்கு ஐயா. ஒண்டு தையிலை நீங்கள் வந்து கட்டினது. மற்றது ஃபோனாலை தானாப் போகுது. உரிமையாளர் பதிஞ்சு விட்டிருக்கிறா."

"உரிமையாளர் நானெல்லோ!"

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். மகளின் பெயர். பக்கத்தில் அவளுடைய கனடா எண்.

வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதியது எனக்குத் தெரியாததா? அதற்கு முன் அது மனைவியின் சீதனம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும்; நான் மாப்பிள்ளையாக வந்து ஏறியவன். ஆனால் ஓடு மாற்றியும் கிணறு இறைப்பித்தும் வந்ததில் 'என்ரை வீடு' என்றே வாய் பழகிவிட்டது. ரசீதில் யார் பெயர் இருக்கிறதென்று ஒருநாளும் பார்த்ததில்லை. மடித்துப் பொக்கற்றில் வைப்பதோடு சரி.

"கூடக் கட்டின காசு?"

"உரிமையாளர் கையெழுத்து வைச்சுக் கேட்டால் தருவம் ஐயா."

பின்னேரம் மகளைக் கூப்பிட்டேன். சபையில் பார்த்ததைச் சொன்னேன்.

"ஓமப்பா, நான்தான். போன திருவிழாவுக்கு வந்தபோது, நீங்கள் வெயிலுக்கை வரிசையிலை நிக்கக்கூடாதெண்டு உங்கடை கார்டிலை பதிஞ்சு விட்டனான். உங்களுக்குச் சொல்லவுமில்லை, பிறகு பதிஞ்சதையே மறந்துபோனன்."

"அப்ப கார்ட்?"

"உங்களிட்டையே இருக்கட்டும்."

வென்றுவிட்டேன். மனைவிக்குக் கேட்கட்டும் என்று குசினிப் பக்கம் பார்த்து ஒரு செருமலும் செருமினேன்.

"கூடப் போன காசை நான் அனுப்பிவிடுறனப்பா. என்ரை வீட்டுக்கு நீங்கள் ஏன் கட்டோணும்?"

அவள் அன்பாகத்தான் சொன்னாள். மனைவி அகப்பையோடு வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம் பிள்ளை," என்றேன். "குடியிருக்கிறவன் கட்டத்தானே வேணும்."